பிள்ளைகளின் வேலை ஆசையைச் சிறு வயதிலேயே பெற்றோர் திருத்திவிடலாமா?

கேள்வியைப் பார்த்தால், உங்கள் குழந்தை உங்களுக்குப் பிடிக்காத ஏதோ ஒரு வேலையின் பெயரைச் சொல்லியிருக்கிறது என்று தோன்றுகிறது. அப்படியென்றால் உங்கள் முகத்தைப் பார்த்த நிமிடமே பாதித் திருத்தம் நடந்திருக்கும்.

எனக்கு 8 வயதில் எங்கள் வீட்டில் தச்சு வேலை நடந்தது. பள்ளி விட்டதும் பையைப் போட்டுவிட்டுத் தச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். இழைப்புளியைத் தள்ளத் தள்ள மரம் சுருள் சுருளாக வரும். ஒருநாள் அதை என் கையில் கொடுத்து, மேலே தன் கையை வைத்துத் தள்ளவிட்டார். ‘நான் தச்சராகப் போகிறேன்’ என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா திட்டவில்லை. தச்சர் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தார், அப்புறம் ‘போய்ப் படி’ என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்த விருந்தாளியிடம் நானாகவே ‘இன்ஜினியர்’ என்றேன். அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டார். 30 வருடமாகியும் அது மறக்கவில்லை.

அப்பாவைக் குற்றம் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வறுமையைப் பார்த்தவர், பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தார். நான் இன்ஜினியர்தான், வேலையிலும் குறையில்லை. என் வருத்தம் வேறு. என் மகள் 7 வயதில் ‘லாரி ஓட்டுவேன்’ என்றபோது நானும் அதே முகத்தைக் காட்டிவிட்டேன். மறுநாளே ‘டாக்டர்’ என்றாள்.

லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 3-5 வயதில் குழந்தையைக் கவர்வது பெரியதும் பலமானதும். 6-8 வயதில் ஆண் வேலை, பெண் வேலை என்று கழிக்க ஆரம்பிக்கிறது. 9 வயதிலிருந்து சமூகத்தில் மதிப்பில்லாத வேலைகளைக் கழிக்கிறது. தனக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பது 14 வயதை ஒட்டித்தான். அதற்குள் பட்டியல் சுருங்கிப்போய்விடுகிறது.

அந்த மதிப்பை யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? குழாய் சரிசெய்ய வருபவர் நம்மைவிட மூத்தவராக இருந்தாலும் ஒருமையில் கூப்பிடுகிறோம். நாற்காலி இருந்தும் நிற்கவைத்துப் பேசுகிறோம். வேலை முடிந்ததும் பேசிய கூலியில் குறைக்கப் பார்க்கிறோம். எங்கள் குடியிருப்பில் இதைச் சொன்னதற்காக என்னோடு பேச்சையே நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தட்டும்.

ஒரு மாதம் கழித்து, லாரியில் என்ன பிடித்தது என்று மகளிடம் கேட்டேன். ‘சும்மா சொன்னேன்’ என்று மழுப்பினாள். விடாமல் கேட்டதும், ‘அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் ரொம்ப தூரம் தெரியும்ல’ என்றாள். அப்புறம் தூங்கும் வரை அதைப் பற்றியே பேசினாள். உங்கள் குழந்தையிடமும் முதலில் இதைக் கேளுங்கள்.