நாகசாகிக்கு யார் முடிவெடுத்தது?

கேள்வி: என் தாத்தா சயாம் மரண ரயில் பாதை போடப் போனவர், திரும்பவே இல்லை. அந்த ஜப்பான்மேல் அணுகுண்டு போட்டதில் என்ன தப்பு? அதனால் லட்சக்கணக்கான உயிர்கள் தப்பின என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: உங்கள் தாத்தாவைக் கொண்டுபோனது ஜப்பானிய ராணுவம். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட மலாயா தோட்டங்களிலிருந்து அள்ளிப்போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். உங்கள் கோபம் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் செத்தது யார்? விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு அன்று ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை இறக்கியிருந்தார்கள். பலருக்கு 12, 13 வயதுதான். அவர்களில் ஒரு பையனின் டிபன் பாக்ஸ் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகனைத் தேடிப்போன தாய், உடலோடு சேர்த்துக் கண்டெடுத்தது. உள்ளே சோறு கரிக்கட்டையாகக் கிடக்கிறது. காலையில் கட்டிக்கொடுத்ததை அவன் சாப்பிடவே இல்லை. மரண ரயிலுக்கு இவனா பதில் சொல்ல வேண்டும்?

உயிர்கள் தப்பின என்ற கணக்குக்கு வருகிறேன். குண்டு போடாமல் ஜப்பானுக்குள் படையெடுத்திருந்தால் அமெரிக்கப் படைக்குப் பத்து லட்சம் இழப்பு என்ற எண்ணைப் பரப்பியது, அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளராக இருந்த ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரை. அதுவும் சாவையும் காயத்தையும் சேர்த்துச் சொன்ன எண். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வறிக்கை, அணுகுண்டு இல்லாமலே 1945 முடிவதற்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்றது. இதை மறுக்கிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. சரி, ஹிரோஷிமாவை அவர்கள் வாதத்துக்கே விட்டுவிடுவோம். நாகசாகிக்கு என்ன சொல்வீர்கள்?

அதற்கென்று தனியாக யாரும் முடிவெடுக்கவே இல்லை. ஜூலை 25ஆம் தேதி உத்தரவிலேயே, அடுத்தடுத்த குண்டுகளைத் தயாரானவுடன் போடலாம் என்று எழுதிவிட்டார்கள். சரணடையச் சொல்லும் போட்ஸ்டாம் அறிவிப்பு வெளியானதோ மறுநாள்தான்! ஆகஸ்ட் 11க்கு வைத்திருந்த இரண்டாவது குண்டை, வானிலை கெடும் என்று 9ஆம் தேதிக்கு முன்னே இழுத்தார்கள். குறிவைத்த ஊர் கோகுரா. அங்கே தரை தெரியவில்லை, விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அன்று அதிகாலையில்தான் சோவியத் படை, ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்திருந்தது. சரணடைவதா என்று டோக்கியோவில் போர்க்குழு கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதே நாகசாகிச் செய்தி வந்தது. அந்தப் பேச்சு முடியும்வரையாவது பொறுத்திருக்கக் கூடாதா?

மறுநாள் அமெரிக்க அதிபர் ட்ரூமன், தன் அனுமதியில்லாமல் இனி ஒரு குண்டும் போடக்கூடாது என்று நிறுத்திவைத்தார். 'அத்தனை குழந்தைகளை' கொல்வது தனக்குப் பிடிக்கவில்லை என்று அமைச்சரவையில் அவர் சொன்னதை, அங்கிருந்த வர்த்தகத்துறைச் செயலாளர் ஹென்றி வாலஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.