மேயர் முதலில் நடக்கட்டும்

பில் கலெக்டரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மேயரைப் பற்றியவை. தேர்தல் வாசனை அடிக்க ஆரம்பித்தால் இப்படித்தான். வரி நோட்டைத் தூக்கிக்கொண்டு சேலத்துத் தெருக்களில் நடந்தவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று கேட்டவர்களின் கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு டீக்கடை இருக்கிறது.

மேயரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன? ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?
– வாசகர், அஸ்தம்பட்டி

போட்டிருக்கிறோமே! 1996, 2001, 2011 மூன்று முறையும் மேயருக்கென்று தனியாக ஓட்டுப் போட்டோம். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சிக்கு வருகிறவர்களின் கணக்குக்குத் தகுந்தபடி சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. என்னைக் கேட்டால் நேரடி ஓட்டுதான் சரி. ஆனால் எந்த வழியில் வந்தாலும் அதிகாரம் ஒரே அளவுதான். மன்றக் கூட்டத்துக்குத் தலைமை மேயர். நிர்வாகக் கையெழுத்து ஆணையருடையது.

அதையும்விட ஒன்று. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரைக்கும் தமிழ்நாடு முழுக்க மாநகராட்சிகளில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அலுவலர்களை வைத்தே வண்டி ஓடியது. “ஓட்டு கேட்க ஆளைக் காணோம், வரி கேட்க மட்டும் கரெக்டா வந்துடறீங்க” என்று கிச்சிப்பாளையத்தில் ஒரு பாட்டி அப்போது சொன்னார். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். வேறென்ன சொல்ல?

அக்கா, கல்லூரியில் ‘பன்முக நகரமும் புதிய மேயரும்’ என்று கட்டுரைப் போட்டி. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம், எதிர் வீட்டில் தெலுங்கு, பின் தெருவில் உருது. எல்லாருக்குமான மேயராக இருக்க நினைக்கிற ஒருவர் முதலில் எதைச் செய்ய வேண்டும்?
– மாணவி, அம்மாப்பேட்டை

உன் தெருவை அப்படியே எழுதினாலே பாதிக் கட்டுரை முடிந்தது, கண்ணு. ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று மட்டும் ஆரம்பிக்காதே, நடுவர் தூங்கிவிடுவார்.

எல்லாருக்குமான மேயர் என்றால் பண்டிகைக்குப் பண்டிகை ஃப்ளெக்ஸ் வைப்பவர் என்று ஆகிவிட்டது. பொங்கலுக்கு ஒன்று, ரம்ஜானுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, செவ்வாய்ப்பேட்டை சேட்டுகளுக்காக மகாவீர் ஜெயந்திக்கு ஒன்று. வைத்துவிட்டுப் போகட்டும். வீடு வீடாகக் கதவைத் தட்டிய எனக்குத் தெரிந்தது வேறு. இந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் அதிகம் வித்தியாசப்படுவது செய்கிற தொழிலிலும் எழுந்திருக்கிற நேரத்திலும்தான்.

உங்கள் அம்மாப்பேட்டைப் பக்கம் வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு போட்டு, அதாவது தறிக்கான நூலை நீளமாக இழுத்துக் கட்டி, முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் குப்பை வண்டி தெருவுக்குள் நுழைந்தால் சண்டைதான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் ராத்திரி வெகுநேரம் வேலை பார்ப்பார்கள். காலையில் போய்க் கதவைத் தட்டினால் பூனைகூட எட்டிப் பார்க்காது. அந்தத் தெருக்களை எப்போதும் சாயங்காலத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர்கள் நாள் விடிவதற்கு முன்பே பாதி வேலையை முடித்திருப்பார்கள். கோட்டைப் பக்கம் நோன்பு மாதத்தில் நாலு மணிக்கு முன்னாலேயே அடுப்பு எரியும். தெரு விளக்கு எரிகிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். குகையில் ஆடி வந்தால் வண்டி வேடிக்கைக்கு வண்டி கட்டுகிற வேலைக்கு முன்னால் மற்றதெல்லாம் அப்புறம்தான். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஷிஃப்ட் மாற்றித் தூங்குகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வார்டு வாக்காளர் பட்டியலிலும் இல்லை, குப்பையும் தண்ணீரும் மட்டும் அந்த வார்டுடையது.

இத்தனை நேரங்களையும் ஒரே குழாய்க்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது தண்ணீர் முறை. எனவே கேள்விக்கு என் பதில்: முதல் மாதம் தண்ணீர் முறை. நமக்கு மேட்டூர் தொட்டில்பட்டியிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அங்கே கரண்ட் போய் மோட்டார் நின்றால் ஊர் முழுக்க முறை தள்ளிப்போகும். இது யார் தப்பும் இல்லை. ஆனால் தள்ளிப்போனது யாருக்குத் தெரிகிறது? தரைத்தொட்டியும் மோட்டாரும் வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. எப்போது வந்தாலும் நிரம்பிக்கொள்ளும். குடத்தோடு நிற்கிறவள் அன்றைக்குத் தறியில் உட்கார முடியாது. உட்காராவிட்டால் கூலி இல்லை, அது பீஸ் ரேட்டு. வால்வு திறக்கிறவரின் செல் நம்பர் தெருவில் சிலரிடம் மட்டும் இருக்கும். அது யார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பார், அந்தத் தெருவில் மேல்சாதி யாரென்று தெரிந்துவிடும்.

60 வார்டுக்கும் தெரு வாரியாக, என்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிவாசல் வாசலிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் நெசவாளர் சங்கத்திலும் எழுதி வைக்கட்டும். முறை மாறினால் முந்தின நாள் சாயங்காலமே குப்பை வண்டி ஒலிபெருக்கியில் சொல்லட்டும். எப்படியும் தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டுதானே வருகிறது! இதற்குக் கோடி ரூபாய் டெண்டர் வேண்டாம். டெண்டர் இல்லாத வேலையில் யாருக்கு ஆர்வம் வரும் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, சாக்கடை. குழித்தறியைப் பார்த்திருப்பாய், உன் வீட்டிலேயே இருக்கலாம். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றால் போதும், குழியில் ஊற்று எடுத்துவிடும். மழை விட்ட பிறகும் ஈரம் வற்றுகிற வரைக்கும் தறி சும்மாதான் நிற்கும். கார் வைத்திருப்பவருக்கு மழைநீர் வடிகால் என்றால் சேறு படாத டயர். நெசவாளிக்கு அது அந்த வாரத்துச் சாப்பாடு. அதனால் தூர் வாருகிற வரிசையை மேயர் மாற்ற வேண்டும். மெயின் ரோட்டை அப்புறம் பார்க்கலாம், தறித் தெருக்கள் முதலில். ஆவணி, புரட்டாசியில் நமக்கு நல்ல மழை இருக்கிறது, அதற்கு முன்னால் முடிய வேண்டும். பாவு போடுகிற திறந்தவெளிகளான பாவடிகளையும் வாகன நிறுத்தமாக்குகிற ஆசை யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளி உருக்குகிற இடங்களில் அமிலப் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் காபி கிடைக்காது, பரவாயில்லை. பட்டறைக்கு மேல் மாடியில் குழந்தைகள் தூங்குகின்றன. தொழிலை விரட்டவும் கூடாது, புகையை விடவும் கூடாது. பட்டறைக்காரர்களையும் மேல் மாடிக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கிற வேலை மேயருடையது.

கடைசியாக, முதல் வாரத்திலேயே மேயர் பேச வேண்டிய ஆட்கள் தூய்மைப் பணியாளர்கள். சால்வையோடு மேடையில் இல்லை, விடிகாலையில் அவர்கள் கையெழுத்துப் போடுகிற இடத்தில். எந்தத் தெருவில் சாக்கடை அடைக்கும், எந்த வீட்டில் குப்பையோடு கண்ணாடித் துண்டைப் போடுவார்கள், எந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பில் கொடுப்பார்கள், எந்த வீட்டில் கையில் ஊற்றுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். உன் கட்டுரைக்கு இதைவிட நல்ல பேட்டி கிடைக்காது.

2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சி 8 லட்சத்து 29 ஆயிரம் பேர். எல்லார் வீட்டுக்கும் மேயர் போக முடியாதுதான். நான்கு மண்டலம் இருக்கிறது: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி. வாரத்துக்கு ஒன்று, காரை விட்டு இறங்கி நடந்தால் முதல் மாதத்தில் முடிந்துவிடும்.

மருமகன் நியூயார்க்கில் இருக்கிறார். அங்கே புதிய மேயர் பஸ்ஸை இலவசமாக்குவேன் என்று சொல்லியே ஜெயித்தாராம். நம் மேயராலும் முடியுமா?
– வாசகர், அழகாபுரம்

நம் ஊரில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ் 2021 மே மாதத்திலிருந்தே இலவசம் சார், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதைச் செய்தது மாநில அரசு. அந்த பஸ்களை ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம், மாநகராட்சிக்கு அதில் வேலையில்லை.

வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் இதே கதைதான். ஸோரான் மம்தானி 2025 நவம்பரில் ஜெயித்து 2026 ஜனவரி 1-ல் பதவியேற்றார். ஆனால் நியூயார்க் பஸ்களை ஓட்டுகிற எம்.டி.ஏ. என்ற போக்குவரத்து அமைப்பு மாகாண அரசின் கையில் இருக்கிறது. இலவச பஸ் வேண்டுமென்றால் அவர் மாகாண ஆளுநரிடமும் சட்டசபையிடமும் போய் நிற்க வேண்டும். வாடகையை உயராமல் நிறுத்துவேன் என்றதிலும் கொஞ்சம் விவரம் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் இல்லை, வாடகை வரம்புக்குள் வருகிற சுமார் 10 லட்சம் வீடுகளுக்கு மட்டும். அதை முடிவு செய்ய ஒரு வாரியம், வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் மேயர். அந்த மாதிரி ஒரு பிடி நம் மேயர்களுக்குக் கிடையாது. எனக்கு அதுதான் பொறாமை.

மம்தானி உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர், பிரசாரத்தில் ஸ்பானிஷ், வங்காளம், உருது, அரபி என்று வீடியோ போட்டுக் கேட்டார். ஓட்டுக் கேட்கும்போது எல்லா நாட்டிலும் எல்லா மொழியும் வந்துவிடும். ஜெயித்த பிறகு நகராட்சி நோட்டீஸ் எந்தெந்த மொழியில் வருகிறது என்று மருமகனிடம் கேட்டு எழுதுங்கள், போடுகிறேன்.

நாங்கள் மலை மேலே இருக்கிறோம். சேலத்துக்கு எந்த மேயர் வந்தால் எங்களுக்கு என்ன அம்மா?
– வாசகி, ஏற்காடு

சட்டப்படி ஒன்றுமில்லை. உங்களுக்கு ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் இந்தப் பக்கம்தான் மேயரின் எல்லை.

நடப்பில் நிறைய இருக்கிறது. சேர்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் இறங்குகிறது. மலையில் மரம் போனால் கீழே ஏரிக்கு மண் வருகிறது. இங்கிருந்து சனி, ஞாயிறில் மேலே ஏறுகிறவர்கள் பிளாஸ்டிக்கை உங்களிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். காபி, மிளகு, பலா, கொய்யா என்று மூட்டை கட்டிக்கொண்டு மலையாளிப் பழங்குடி மக்கள் இறங்கி வருகிறார்கள், பெரியாஸ்பத்திரிக்கும் இறங்கி வருகிறார்கள். பெண்கள் கூடையை இறக்கி வைக்க ஒரு நிழல், காசு பிடுங்காத ஒரு கழிப்பிடம், சுங்கம் என்று மிரட்டாத ஒரு இடம். மேயர் செய்து கொடுக்கக்கூடியதுதான் இது. ஓட்டு இல்லாதவர்களுக்குச் செய்வாரா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள்.

அடுத்த மேயர் எந்தச் சமூகத்துக்காரராக இருந்தால் சேலத்துக்கு நல்லது?
– பெயர் வேண்டாம், சூரமங்கலம்

பெயர் வேண்டாம் என்றது நல்லதாகப் போயிற்று. 1917 முதல் 1919 வரை ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தபோது முதல்முறையாக ஒரு தலித் உறுப்பினர் மன்றத்துக்குள் வந்தார். நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் இந்தக் கேள்வியைத் தபாலில் அனுப்புகிறீர்கள். அடுத்த கடிதம்.

சொத்து வரியை ஏன் இப்படிப் பிடுங்குகிறீர்கள்?
– வாசகர், பொன்னம்மாப்பேட்டை

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், என்மேல் கோபம் வேண்டாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாத முடிவுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. மார்ச் கடைசியில் ஓடுகிறவர்களுக்குக் கிடையாது.

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். பகுதி சபைக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் அவர் கணவர்தான் எழுந்து பதில் சொல்கிறார். என்ன செய்வது?
– மகளிர் குழுவினர், கொண்டலாம்பட்டி

இதுதான் இந்த மாதக் கடிதங்களிலேயே சரியான கேள்வி. 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்தது. நாற்காலி அவருக்குக் கிடைத்தது, மைக் வீட்டுக்காரரிடம் போய்விட்டது. அந்தப் பெண்ணின் மேல் கோபப்படாதீர்கள். முதல் கூட்டத்தில் கை நடுங்கத்தான் செய்யும், எனக்கும் முதல் கதவைத் தட்டும்போது நடுங்கியது.

கூட்டத்துக்கு முன்னால் நாலைந்து பேராக அவர் வீட்டுக்குப் போங்கள், கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து. உங்கள் தெருவில் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதில் யோசித்து வைத்திருந்தால் அவரே பேசுவார். கூட்டத்தில் கணவர் எழுந்தால், “அண்ணா, நீங்க உட்காருங்க, அக்காவைத்தான் கேட்டோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் சண்டை, பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் உட்கார்ந்துவிடுவார். மனுவில் கவுன்சிலர் பெயரை எழுதி அவரிடமே கொடுத்து, நகலில் தேதி போட்டு அவர் கையெழுத்தையே வாங்குங்கள். கணவர் பேனாவை நீட்டினால் பேனாவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.