பிறந்த தேதி

அன்புள்ள ஐயா,

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜெபக்கூட்டத்தில் ரட்சிக்கப்பட்டேன். தேதியையும் நேரத்தையும் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என் அம்மா ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர். ‘நீங்கள் மறுபடியும் பிறந்தது எப்போது?’ என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘அப்படியானால் இன்னும் பிறக்கவே இல்லை’ என்றேன். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யோவான் 3இல் இயேசு, ஒருவன் ‘ஜலத்தினாலும் ஆவியினாலும்’ பிறக்க வேண்டும் என்கிறாரே, அந்த ஜலம் ஞானஸ்நானம்தானா? குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா? இந்த மறுபிறப்புக்கும் வினைப்பயனால் வரும் மறுபிறவிக்கும் என்ன வேறுபாடு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வி எளிது. அது செத்த பிறகு, வேறு உடம்பில். இது சாவதற்கு முன், இதே உடம்பில், இதே சொந்தக்காரர்களுக்கு நடுவில். இரண்டாவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம். ஞானஸ்நானச் சண்டைக்கு நான் வரவில்லை. பெரியவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்த ஒருவரை 1527இல் சூரிச் நகரத்தில் ஆற்றில் அமிழ்த்தியே கொன்றார்கள். அந்தத் தண்ணீரை இனியும் கலக்க வேண்டாம்.

ஆனால் அம்மாவிடம் அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்களைப் பெற்றவரிடம் போய், பிறப்பைப் பற்றி நீங்கள் பாடம் எடுத்திருக்கிறீர்கள்!

நீங்கள் காட்டும் அதே அதிகாரத்தைக் கொஞ்ச நாளாக நானும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ‘மறுபடியும்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘அனோத்தென்’. அதற்கு ‘மறுபடியும்’ என்றும் பொருள், ‘மேலிருந்து’ என்றும் பொருள். அதே அதிகாரத்தின் 31ஆம் வசனத்தில் அதே சொல்லைத்தான் ‘உன்னதத்திலிருந்து’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இயேசு இதைச் சொன்னது நிக்கொதேமு என்ற பரிசேயரிடம். அவர் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, கிழவன் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவானா என்று கேட்கிறார். நீங்களும் அதையே பிடித்துக்கொண்டு காலண்டரைத் தேடுகிறீர்கள்.

சரி, நிக்கொதேமு எப்போது மறுபடியும் பிறந்தார்? சொல்லுங்கள் பார்ப்போம். இராத்திரியில் வந்தார், ‘இவைகள் எப்படி ஆகும்?’ என்றார், அத்தோடு அவர் குரல் நின்றுவிடுகிறது. எழுந்து போனதைக்கூட யோவான் எழுதவில்லை. 7ஆம் அதிகாரத்தில், ஒருவன் சொல்வதைக் கேட்காமலே அவனைத் தீர்க்கலாமா என்று சக பரிசேயர்களிடம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்கிறார். (அதை நீங்களும் ஒருமுறை வாசிக்கலாம்.) பிறகு 19இல், சீஷர்கள் சிதறிப்போன நேரத்தில், இயேசுவின் அடக்கத்துக்கு ஏறக்குறைய நூறு இராத்தல் வாசனைப் பொருள், வெள்ளைப்போளமும் கரியபோளமும், கொண்டு வருகிறார். இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கு மேல். இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ பிறந்திருக்கிறார். எங்கே என்று யோவான் சொல்லவில்லை. காற்று வரும் இடமும் போகும் இடமும் உனக்குத் தெரியாது என்று அவரிடம்தானே சொல்லப்பட்டது?

தேதி உள்ளவர்களும் உண்டு, மறுக்கவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால் மணி முன்பு, இலண்டனில். அதற்கு முன்பே அவர் குருப்பட்டம் பெற்றவர், கடல் கடந்து ஊழியம் செய்தவர். ஆனால் 1739 ஜனவரி 4ஆம் தேதி நாட்குறிப்பில், தான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதுகிறார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கே அந்தத் தேதி போதவில்லை.

என் பாட்டியிடமும் ஒரு போதகர் இதே கேள்வியைக் கேட்டார். ‘பெத்தவ வயித்துல இருந்து வந்த தேதியே எனக்குத் தெரியாது ஐயா’ என்றார் பாட்டி. கூட்டம் சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை.

பாட்டிக்கும் அவருடைய நாத்தனாருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. பாகத்தகராறு. பாட்டியின் வாய் லேசுப்பட்டதல்ல, வசவில் பாதி அந்த நாத்தனாருக்குத்தான். அவர் கை கால் விழுந்து படுத்தபோது பாட்டி ஒரு நாள் எழுந்து போனார். யாரும் அழைக்கவில்லை. நானும் கூடப் போனேன். பல நாள் வாராத தலை, பின்பக்கம் முழுக்கச் சடை. பாட்டி கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சீப்பை உடனே இழுக்கவில்லை. வலி தலைக்கு ஏறாமல் இருக்க முடியின் வேர்ப்பக்கத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் சீப்பில் சுற்றிய முடியை உருட்டி எறிந்துவிட்டு, ‘நாளைக்கு எண்ணெய் கொண்டு வரேன்’ என்றார் பாட்டி.

வீடு திரும்பும் வழியில் அதே நாத்தனாரைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்.

உங்கள் அம்மாவிடம் இன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள். ஜலத்தைப் பற்றிப் பிறகு எழுதுங்கள்.