டிலியூ-2, ஹைட்ராக்சியூரியா, 17.8 ஹீமோகுளோபின்: நீலகிரி வாசகர்களின் ரத்தக் கேள்விகள்

அப்பாவுக்கு 68 வயது. வேறு எதற்கோ ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் வெள்ளையணு கூடியிருக்கிறது என்றார்கள், இப்போது சி.எல்.எல். (மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்று) என்கிறார்கள். ஃபிஷ் என்ற குரோமோசோம் பரிசோதனை ரிப்போர்ட்டில் '13க்யூ டிலீஷன்' (13ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லை) என்று இருக்கிறது. நெட்டில் தேடினால் நீள் குறியிடா ஆர்.என்.ஏ., டிலியூ-2 என்று என்னென்னவோ வருகிறது. பயப்பட வேண்டுமா டாக்டர்? (குன்னூர்)

13க்யூ இழப்பு மட்டும் தனியாக இருந்தால் சி.எல்.எல்.லில் அது நல்ல செய்திதான். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது இருக்கும். பெரும்பாலும் நோய் மெதுவாகவே நகரும். அதே தாளில் '17பி' என்ற வரிக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்; 17ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதி போயிருந்தால் நோய் கடுமையாக இருக்கும். நான் முதலில் தேடும் வரி அதுதான்.

டிலியூ-2 விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை பேருக்கு 13ஆம் குரோமோசோமில் ஒரே இடம் ஏன் காணாமல் போகிறது என்று 1990களில் துருவித் துருவித் தேடினார்கள். புற்றைத் தடுக்கிற புரதம் ஒன்றின் மரபணு அங்கே இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்தவை டிலியூ-1, டிலியூ-2. இரண்டும் புரதம் செய்யாத நீண்ட ஆர்.என்.ஏ.க்கள். பலரும் ஏமாந்துதான் போனார்கள். 2002இல் புற்றுநோய் ஆய்வாளர் கார்லோ குரோச்சேயின் குழு அதே இடத்தில், டிலியூ-2 மரபணுவுக்கு உள்ளேயே, மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதைக் காட்டியது. பி.சி.எல்.-2 என்ற புரதத்தை அடக்கி வைப்பவை இவை. இவை போனால் பி.சி.எல்.-2 ஏறும், சாக வேண்டிய வெள்ளையணு சாகாமல் சேரும். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை முடக்குவது இதே பி.சி.எல்.-2வைத்தான்.

அப்பாவுக்கு அந்த மாத்திரை இப்போதே வேண்டும் என்று அர்த்தமில்லை. ஹீமோகுளோபினும் தட்டணுவும் சரியாக இருந்து, காய்ச்சல், எடைக்குறைவு, பெரிய நெறிக்கட்டிகள் எதுவும் இல்லையென்றால் மருந்தே தராமல் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு வருவதுதான் முறை. 'கேன்சர் என்கிறார்கள், மருந்து தர மாட்டேன் என்கிறார்களே' என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

நீள் குறியிடா ஆர்.என்.ஏ.க்களை எல்லாம் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம் என்று ஒரு லேபில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஏ.எம்.எல். (வேகமாகப் பெருகும் ஒரு ரத்தப் புற்று) இருக்கிறது, அந்தப் பரிசோதனையை எடுக்கலாமா? (கோத்தகிரி)

வேண்டாம். ஹோட்டேர், மாலட்-1, ஹாட்டிப் என்று ரத்தப் புற்றில் ஏறி இறங்கும் நீள் குறியிடா ஆர்.என்.ஏ.க்களின் பட்டியல் பெரிது. ஹோட்டேர் கூடியிருந்த ஏ.எம்.எல். நோயாளிகளுக்கு நோய் கடுமையாக இருந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரு ஆய்வில் 'அதிகம்' என்று வைத்த அளவு இன்னொன்றில் வேறு. அந்த எண்ணை வைத்து மருந்தை மாற்றும் டாக்டர் யாரும் இல்லை. ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைகிற பொருளும்கூட. கோத்தகிரியில் எடுத்த ரத்தம் சாதாரண டியூபில் மலையிறங்கி வெளியூர் லேபுக்குப் போவதற்குள் எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள்.

அந்தப் பணத்தைக் குரோமோசோம் பரிசோதனைக்கும் எஃப்.எல்.டி.-3, என்.பி.எம்.-1 மரபணு மாற்றப் பரிசோதனைக்கும் வையுங்கள். எந்தக் கீமோ, எலும்பு மஜ்ஜை மாற்று தேவையா என்பதை முடிவு செய்ய உதவுபவை அவை.

தம்பிக்கு அரிவாள் செல் நோய். ஹைட்ராக்சியூரியா அட்டையைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், 'இது கேன்சர் மாத்திரையாச்சே' என்றார். அவனுக்கு ரத்தப் புற்றா? (கூடலூர்)

இல்லவே இல்லை. அரிவாள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் நோய், பெற்றோரிடமிருந்து வருவது. இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். கடைக்காரர் சொன்னதும் பாதி உண்மை: சில ரத்தப் புற்றுகளுக்கும் அதே மாத்திரைதான். தம்பிக்கு அது வேறு வேலை செய்கிறது. கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது; அணுக்கள் வளைவது குறைகிறது, வலி வருவதும் குறைகிறது. யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். வெள்ளையணு, தட்டணு எண்ணிக்கையை மட்டும் தவறாமல் பாருங்கள்.

ஹீமோகுளோபின் 17.8. ஊட்டி உயரத்துக்கு இது சகஜம் என்கிறார் நண்பர். வயது 44, சிகரெட் உண்டு. (ஊட்டி)

2,240 மீட்டர் உயரம் ஏறக்குறைய ஒரு கிராம் கூட்டலாம். சிகரெட்டும் தன் பங்குக்குக் கூட்டும். அதற்கு மேலும் மிச்சம் இருக்கிறதே. தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டு இன்னொரு முறை எடுங்கள், அப்போதும் 16.5க்கு மேல் என்றால் எரித்ரோபொய்ட்டின் (சிவப்பணுவை உண்டாக்கத் தூண்டும் ஹார்மோன்) அளவும் ஜாக்-2 மரபணுப் பரிசோதனையும் வேண்டும். சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வீரா என்ற நோயில் 100க்கு 95 பேருக்கு ஜாக்-2 மாற்றம் இருக்கும். நண்பரைக் கேட்டுக் காத்திருந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதத்தில் போய் நிற்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. குடும்பத்தில் யாருக்கும் ரத்தப் புற்று இல்லை. எனக்கு வருமா? (கோத்தகிரி)

வரும் என்று சொல்ல முடியாது. ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பூச்சிமருந்துகளில் லிண்டேன், நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றை உண்டாக்குவது உறுதி என்று 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு களைக்கொல்லி கிளைபோசேட்டை 'அநேகமாகப் புற்றை உண்டாக்கும்' என்ற வரிசையில் வைத்தது. கையுறையும் முகமூடியும் தரச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள், காற்று அடிக்கும் பக்கம் பார்த்து நின்று அடிக்காதீர்கள், வேலைச்சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் வாருங்கள்.