முதல் நான்கு நாளை வைத்து முடிவெடுக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 34. ஓராண்டாகக் காரணமே இல்லாமல் பதற்றம், நெஞ்சுப் படபடப்பு. நள்ளிரவில் விழித்தால் விடியும்வரை தூக்கமில்லை. மருத்துவர் எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் கொடுத்தார். நான்கு நாள் சாப்பிட்டேன். குமட்டல், கை நடுக்கம், பதற்றமும் முன்பைவிட அதிகம். நிறுத்திவிட்டேன். இது மனச்சோர்வுக்கான மாத்திரை, தொடங்கினால் ஆயுளுக்கும் விட முடியாது என்கிறார்கள். என் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலத்தில் பாதி போட்டுப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் நிம்மதி. அதையே தொடரலாமா? மாத்திரை இல்லாமல் குணமாக வழி உண்டா?

பதில்: நீங்கள் பயந்து நிறுத்திய மாத்திரையைவிட, அக்காவின் அட்டையிலிருந்து பிய்த்து எடுத்த அந்தப் பாதி மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. ஒன்று தொடக்கத்தில் படுத்தி எடுத்துவிட்டுப் பிறகு உதவும். மற்றது தொடக்கத்தில் இதமாக இருந்துவிட்டுப் பிறகு படுத்தும்.

முதலில் அந்த நான்கு நாள். உங்களுக்கு வந்தது கற்பனை இல்லை. இந்த மாத்திரை வேலை செய்வது செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மீது; நரம்புகள் தகவல் கடத்த அது உதவுகிறது. உடலில் இருக்கும் செரட்டோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அதனால் இந்த வகை மாத்திரை முதலில் வயிற்றைத்தான் கிளறும். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி எல்லாம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். பதற்றமும் முதல் சில நாளில் கூடலாம். பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய இன்னும் சில வாரம் ஆகும். அதாவது, தொந்தரவை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வருமுன்னே எழுந்து வந்துவிட்டீர்கள். பதற்ற நோய்க்கு முதல் வாரம் 5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது பல மருத்துவர்களின் வழக்கம். உணவுக்குப் பின், தூக்கம் கெட்டால் காலையில் என்று மாற்றினாலே பலருக்கு வித்தியாசம் தெரியும்.

என்னிடம் வந்த ஒருவர், மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த விவரத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பிரித்தால், பக்கவிளைவுப் பகுதியில் வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு. "இதில் பதினொன்று எனக்கு இருக்கிறது டாக்டர்" என்றார். மாத்திரை தொடங்குமுன் இவற்றில் எத்தனை இருந்தன என்று கேட்டேன். விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பது. வாய் வறட்சி, வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் பதற்றத்துக்கும் உண்டு, மாத்திரைக்கும் உண்டு. அதோடு, பதற்றம் உள்ளவர் தன் உடம்பையே நாள் முழுக்கக் காவல் காத்துக்கொண்டிருப்பார். சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் மருந்து தொடங்குமுன் இருக்கும் தொந்தரவுகளை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் கேட்கத் தயங்குகிறார்கள். இந்த மாத்திரைகளால் பாலுறவில் நாட்டம் குறையலாம், உச்சம் தள்ளிப்போகலாம். ஆண், பெண் இருவருக்கும் இது வரும். மற்ற தொந்தரவுகளைப் போல இது தானாகவே அடங்கும் என்று சொல்ல முடியாது. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். மிக அரிதாகச் சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் பதிவுகள் உண்டு. இன்னும் சிலர் "அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, எல்லாம் மழுங்கிவிட்டது" என்பார்கள். இவை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலும், வலி மாத்திரை அடிக்கடி சாப்பிட்டாலும், கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலும் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

ஆயுளுக்கும் விட முடியாதா? இல்லை. இதற்கு ஏக்கம் வராது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தோன்றாது. நன்றாக ஆன பிறகு 6 முதல் 12 மாதம் தொடர்ந்து, அப்புறம் குறைப்பது வழக்கம். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல் வரலாம். இதை ஒருகாலத்தில் மருத்துவர்களே லேசாக எடுத்துக்கொண்டார்கள். அது தவறு என்பது என் கருத்து. சிலருக்கு வாரங்கள் போதாது, மாதங்கள் எடுத்துத்தான் குறைக்க வேண்டியிருக்கும். நான்கே நாள் சாப்பிட்ட உங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். "மனச்சோர்வு மாத்திரை" என்ற பெயரும் முதலில் எதற்குப் பயன்பட்டதோ அதனால் ஒட்டிக்கொண்டதுதான். பதற்றத்துக்கும் இதுவே முதல் வரிசை மருந்து.

சரி, அல்பிரசோலம். வேகமாக வேலை செய்யும், வேகமாக இறங்கும். இறங்கும்போது பதற்றம் திரும்பி வரும், அடுத்த அரை மாத்திரைக்குக் கை போகும். தினமும் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். பழகிய பிறகு திடீரென நிறுத்தினால் வலிப்பு வரைகூடப் போகலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். ஓரிரு முறைதான் சாப்பிட்டீர்கள் என்றால் இத்தோடு விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரை இல்லாத வழி உண்டா? உண்டு. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சை, பதற்றத்துக்கு மருந்துக்கு ஈடாக நிற்கிறது. வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். ஆறுதல் வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று நினைக்காதீர்கள். படபடப்புக்குப் பயப்படுபவரை மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கச் சொல்வார்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஓடிப்போய் உட்காராமல், நாடியைப் பிடித்துப் பார்க்காமல், அப்படியே நிற்க வேண்டும். சில நிமிடத்தில் தானாக அடங்கும். இதைப் பலமுறை செய்த பிறகு, இரவில் அதே படபடப்பு வரும்போது "எனக்கு ஏதோ ஆகப்போகிறது" என்ற எண்ணத்தின் பிடி தளரும். கற்றது கையோடு இருப்பதால், சிகிச்சை முடிந்த பிறகும் பலன் நிற்கிறது.

தியானத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 8 வாரப் பயிற்சியாகக் கற்ற மனநிறை தியானம் (மூச்சையும் உடலையும் அந்தந்த நொடியில் கவனிக்கும் முறை) இதே எஸ்சிட்டலோப்ராமுக்கு நிகரான பலனைத் தந்தது. ஆனால் அவர்கள் தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சி செய்தவர்கள், நினைத்தபோது ஐந்து நிமிடம் கண்ணை மூடியவர்கள் இல்லை. வேக நடை உதவும். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம், காஃபீனில் பாதி கழியவே 5 மணி நேரம் போல ஆகும். "இயற்கை மருந்துதானே" என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை இந்த மாத்திரையோடு சேர்க்க வேண்டாம், ஆபத்தான அளவுக்குச் செரட்டோனின் ஏறலாம். கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும்.

இன்னொன்று: தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள் செய்திருக்கிறீர்களா? தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மைதான்.

அன்றாட வேலையைச் சமாளிக்க முடிகிறது என்றால், பேச்சு சிகிச்சையை மட்டும் மூன்று மாதம் முயன்று பார்ப்பது நியாயமான வழி. தூக்கமே இல்லாமல் பேச்சு சிகிச்சைக்குப் போய் உட்காரக்கூட முடியவில்லை என்றால் 5 மில்லிகிராமில் மீண்டும் தொடங்கி, இரண்டையும் சேர்த்துச் செய்வதைத்தான் நான் சொல்வேன். எதுவானாலும் மீதமிருக்கும் மாத்திரையை நீங்களாக எடுத்துத் தொடங்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். 25 வயதுக்குட்பட்டவர்கள் இந்த மாத்திரை தொடங்கினால், முதல் சில வாரங்கள் இந்த எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டிலுள்ளவர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை எழுதித் தந்த அதே மருத்துவரிடம் போய், நான்கு நாளில் நடந்ததைச் சொல்லுங்கள். அக்காவின் அரை மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அது தெரிந்தால்தான் சரியான மருந்தை எழுத முடியும்.