கார்த்திகைப்பூக் கிழங்கை மூட்டு நோவுக்குக் கொடுக்கலாமா?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பாவுக்கு 60 வயது. யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கி நோகிறது. வளவு வேலியில் கார்த்திகைப்பூ படர்ந்திருக்கிறது. "இந்தக் கிழங்கில் இருக்கிற மருந்தைத்தான் குளிசையாகத் தருகிறார்கள், ஒரு துண்டு அவித்துக் கொடு" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. ஒரு சின்னத் துண்டுகூட வேண்டாம்.

அந்த அம்மா சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் எனக்குப் பயம். இந்தக் கொடியில் இருக்கும் கொல்சிசின் யூரிக் அமில மூட்டு வீக்கத்துக்கு நல்ல மருந்துதான். தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைத் தோட்டமாகச் செய்கிறார்கள். ஆனால் குளிசை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். உங்கள் வேலியில் தோண்டும் கிழங்கில் எவ்வளவு என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அவித்தாலும் நஞ்சு போகாது.

கலப்பைக் கிழங்கு, இலாங்கலி, கண்வலிக்கிழங்கு, செங்காந்தள், சிங்களத்தில் நியங்கலா எல்லாம் இதே கொடிதான். எந்தப் பெயரில் யார் சொன்னாலும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். பரியாரிமார் இதைப் பெரும்பாலும் வெளிப்பூச்சாகவே பாவித்தார்கள்: தேள்கடிக்கு அரைத்துப் பூசுவது, பேனுக்கு இலைச்சாறு, பிரசவம் இலகுவாக உள்ளங்காலில் பற்றுப் போடுவது. மருந்தில் சேர்க்கும்போதும் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகுதான். அந்த முறையில் வைத்தியம் வேண்டுமென்றால் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டு அம்மியில் வேண்டாம்.

இந்த நஞ்சு உடம்பில் கலங்கள் பிரிந்து பெருகுவதைத் தடுத்துவிடும். அதனால் குடலும் எலும்பு மச்சையும்தான் முதலில் அடிபடும். சாப்பிட்டுச் சில மணித்தியாலம் ஒன்றும் தெரியாது, அப்புறம் தொண்டை எரிவு, வாந்தி, நிற்காத வயிற்றோட்டம். ஓரிரு நாளில் சிறுநீரகம், இருதயம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகலாம். தப்பிப் பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு கிழமையில் தலைமயிர் கொட்டும். இதற்கென்று கைக்கெட்டும் மாற்று மருந்து எதுவும் இல்லை. யாராவது தவறிச் சாப்பிட்டால் வாந்தி வரும்வரை பார்த்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கொடியில் ஒரு துண்டையும் கொண்டு போங்கள்.

இலங்கையில் வற்றாளைக் கிழங்கென்று நினைத்து இதை அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலியில் இராசவள்ளியும் படர்ந்திருந்தால் கிண்டும்போது கவனம். இராசவள்ளி இலை நெஞ்சு வடிவில் அகலமாக இருக்கும். கார்த்திகைப்பூ இலை ஒடுங்கி நீண்டு, நுனி சுருள் கம்பிபோல் வளைந்து பக்கத்துக் கிளுவையைப் பிடித்திருக்கும். கிழங்கு கலப்பைபோல் இரண்டாகக் கவர்விட்டிருக்கும். மழையோடு கொடி வந்து பூத்து மடிந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கொடி இல்லாத காலத்தில் அகப்படும் கிழங்கைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

சரி, அப்பாவுக்கு வருவோம். இரத்தத்தில் யூரிக் அமிலத்தோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்து, அறிக்கையுடன் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமென்றால் கொல்சிசின் குளிசையைக்கூடக் குறைத்துத்தான் கொடுப்போம். பிரஷருக்கோ கொலஸ்ட்ரோலுக்கோ அவர் ஏதாவது குடிக்கிறார் என்றால் அந்தக் குளிசை மட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அதுவரை காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம்.