விடுவிப்பும் விடுதலையும்

கேள்வி: மோசடி வழக்கு ஒன்றில் என் தம்பியை 'டிஸ்சார்ஜ்' செய்துவிட்டார்கள். வேலை விண்ணப்பத்தில் 'அக்விட்டல்' என்று எழுதலாமா? இரண்டுமே விடுதலைதானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுத வேண்டாம் அம்மா. இரண்டும் ஒன்றல்ல. முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும் நீதிபதி அந்தக் காகிதங்களைப் படித்து, வழக்கை நடத்த முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் குற்றச்சாட்டு வனைவார். (பானைக்குச் சொல்கிற அதே 'வனைதல்'தான். நீதிமன்றத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொல்.) முகாந்திரம் இல்லையென்றால் அந்தக் கட்டத்திலேயே அனுப்பிவிடுவார். அது டிஸ்சார்ஜ், அதாவது விடுவிப்பு. சாட்சிகள் கூண்டேறி, குறுக்கு விசாரணையெல்லாம் முடிந்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தால்தான் அக்விட்டல், விடுதலை.

சொற்களின் வேரிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. இரண்டும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தவை. டிஸ்சார்ஜ் என்றால் சுமையை இறக்குவது. அக்விட் என்றால் கடனைத் தீர்ப்பது. இறக்கிய சுமையைத் திரும்ப ஏற்றலாம் இல்லையா? சட்டமும் அப்படித்தான். விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 337ஆம் பிரிவு. விடுவிப்பு விடுதலை ஆகாது என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு போவது வேறு விஷயம்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு டிஸ்சார்ஜ் உத்தரவை 'விடுதலை' என்று மொழிபெயர்த்துவிட்டேன். வழக்கு ஒழிந்தது என்று அந்தக் குடும்பம் வழக்குக் காகிதங்களையெல்லாம் எரித்துவிட்டது. இரண்டு வருடம் கழித்துப் புதிய ஆதாரம் கிடைத்து மறுபடி சம்மன் வந்தது. என் மொழிபெயர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "விடுதலைன்னுதானே போட்டிருக்கு சார்?" என்று அந்தப் பையனின் அம்மா கேட்டார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அதனால் உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போடச் சொல்லுங்கள். வழக்குக் காகிதம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். விண்ணப்பத்தில் 'விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டேன்' என்று எழுதி, உத்தரவு தேதியையும் வழக்கு எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.